மாதம் ரூ.1,000 வந்தாச்சு... சமத்துவம் வந்துருச்சுங்களா? கோவை, திருப்பூரை வைத்து ஒரு விளக்கம்

2021 மே மாதம் முதல் அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. 2022 செப்டம்பரில் புதுமைப்பெண் திட்டம் வந்தது. 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, முதல் கட்டத்திலேயே சுமார் 1 கோடியே 6 லட்சம் பெண்களின் வங்கிக் கணக்குக்குப் போனது.

இதையெல்லாம் ஒருத்தர் ‘ஓசி’ என்கிறார், இன்னொருத்தர் ‘புரட்சி’ என்கிறார். நலத்திட்ட அரசுகளை ஆராய்கிறவர்கள் இந்த இரண்டு வார்த்தையையும் விட்டுவிட்டு வேறு மாதிரி கேள்வி கேட்கிறார்கள். அதே கேள்விகளைக் கொங்கு மண்டலத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

சோறாக்குவது யார்?

டென்மார்க் சமூகவியலாளர் கோஸ்டா எஸ்பிங்-ஆண்டர்சன் 1990-ல் எழுதிய புத்தகம்தான் இந்தத் துறைக்கு அடிப்படை. வயதானாலோ, உடம்புக்கு முடியாமல் போனாலோ, வேலை போனாலோ ஒருவர் சம்பளத்தை நம்பாமல் வாழ அரசு எவ்வளவு கைகொடுக்கிறது? இதை வைத்துத்தான் அவர் நாடுகளைப் பிரித்தார்.

பெண்ணிய ஆய்வாளர்கள் உடனே மடக்கினார்கள். சம்பள வேலையே இல்லாமல் வீட்டில் உழைக்கிறவரை இதில் எங்கே வைப்பீர்கள் என்பது அவர்கள் கேள்வி. 1992-ல் ஜேன் லூயிஸ், 1993-ல் ஆன் ஓர்லாஃப் போன்றவர்கள் அளவுகோலையே மாற்றினார்கள். பெண்ணுக்குச் சம்பள வேலை கிடைக்கிறதா? கணவரையோ அப்பாவையோ அண்டி நிற்காமல் ஒரு வீட்டை அவரால் நடத்த முடியுமா? வீட்டு வேலையை யார் செய்கிறார்கள்?

வேலை இருக்கு, எந்த வேலை?

முதல் கேள்வியில் தமிழ்நாடு பாஸ். இந்தியாவில் பதிவுபெற்ற தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் சுமார் 40 சதவீதம் பேர் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். கோவை, திருப்பூர், ஈரோடு மில்களும் பனியன் கம்பெனிகளும் இதில் பெரிய பங்கு.

ஆனால் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் என்றால் பெரும்பாலும் ஆண். செக்கிங், கைமடி, பிசிறு வெட்டுதல் என்றால் பெரும்பாலும் பெண். கூலி ஒப்பந்தத்தில் கட்டிங்குக்கு ஒரு ரேட், கைமடிக்கு அதைவிடக் குறைந்த ரேட். ஆணுக்கு இவ்வளவு, பெண்ணுக்கு இவ்வளவு என்று எங்கும் எழுதியிருக்காது. எழுத வேண்டிய அவசியமும் இல்லை, வேலையின் பெயரே அதைச் செய்துவிடும்.

இதைவிடக் கசப்பான கதை ‘சுமங்கலி திட்டம்’. இது அரசுத் திட்டம் இல்லை, நூற்பாலைகள் வைத்த பெயர். தென் மாவட்டங்களிலிருந்தும் மற்ற ஏழைக் கிராமங்களிலிருந்தும் பருவப் பெண்களைக் கூட்டிவந்து, மில் ஹாஸ்டலில் தங்கவைத்து, மூன்று வருடம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை என்று சொன்னார்கள். அந்தத் தொகை பெரும்பாலும் அவர்கள் சம்பளத்தில் பிடித்துவைத்த பணமே. பாதியில் போனால் அது கிடைக்கும் என்று உறுதி இல்லை. 2011-ல் நெதர்லாந்து அமைப்புகள் வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு வெளிநாட்டுத் துணி பிராண்டுகள் வரை இந்த விவகாரம் போனது.

அரசும் ஒரு காலத்தில் கல்யாணத்தை வைத்துத்தான் பெண்ணுக்குப் பணம் கொடுத்தது. 1989-ல் வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம் அப்படித்தான். படித்திருந்தால் உதவி, ஆனால் கல்யாணம் ஆனால்தான் கைக்கு வரும். 2022-ல் அதுதான் புதுமைப்பெண்ணாக மாறியது. கல்யாணச் செலவுக்குப் போன பணம் கல்லூரி மாணவியின் கணக்குக்கு மாதம் ரூ.1,000 ஆகப் போகிறது. ஆய்வாளர்கள் பார்வையில், பஸ், உரிமைத் தொகையைவிட இதுதான் பெரிய திருப்பமாகத் தெரியும்.

ஒரு கார்டுக்கு ஒருத்தர்

இரண்டாவது கேள்வி: தனியாக வீட்டை நடத்த முடியுமா? கூலியில்லாத வீட்டு உழைப்புக்கு அங்கீகாரம் என்று சொல்லித்தான் உரிமைத் தொகையை அறிவித்தார்கள். ஆனால் ஒரு ரேஷன் கார்டுக்கு ஒருவருக்குத்தான். மாமியாரும் மருமகளும் ஒரே கார்டில் இருந்தால் யாருக்கு என்பதை வீட்டுக்குள்தான் முடிவு செய்ய வேண்டும். அதேசமயம் கணவரை இழந்தவர்கள், கல்யாணம் ஆகாமல் தனியாக வாழும் பெண்கள், திருநங்கைகள் தலைமையிலான குடும்பங்களையும் திட்டம் ஏற்கிறது. ஓர்லாஃப் கேட்டது ஏறக்குறைய இதைத்தான்.

பஸ்ஸில் கணக்கு இன்னும் நேரடியாக இருக்கிறது. பெண்களுக்கு மாதம் சராசரியாக ரூ.888 மிச்சமாவதாக மாநிலத் திட்டக் குழு ஆய்வு சொன்னது. கோவையில் ஒரு சிக்கல்: தனியார் டவுன் பஸ்கள் இங்கே நிறைய. அதில் இலவசம் கிடையாது. ஷிப்ட் முடிந்து வருகிறவர் அரசு பஸ்ஸுக்குக் காத்திருக்கலாம், இல்லையென்றால் காசு கொடுத்து முன்னால் வரும் பஸ்ஸில் ஏறலாம்.

289 நிமிடம்

மூன்றாவது கேள்வியில்தான் எல்லா இடமும் சறுக்குகிறது. 2024 தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். அதே வேலையில் கைவைக்கும் ஆண்கள் 88 நிமிடம்.

ஸ்வீடன் இதைச் சட்டத்தால் அசைக்கப் பார்த்தது. 1974-லேயே அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பொதுவான குழந்தை வளர்ப்பு விடுமுறை. இப்போது மொத்தம் 480 நாள், அதில் 90 நாள் அப்பாவுக்கு மட்டுமே. எடுக்காவிட்டால் போச்சு. அங்கேயும் குழந்தைகள் காப்பகம், முதியோர் பராமரிப்பு வேலைகளில் பெண்களே அதிகம் என்பது வேறு விஷயம்.

இந்தியாவில் 2017 திருத்தம் முதல் அம்மாவுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுமுறை. தனியார் வேலையில் இருக்கும் அப்பாவுக்குச் சட்டப்படி ஒரு நாள்கூட இல்லை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. கொங்குப் பகுதியில் ஏராளமான வேலை நடக்கும் சின்ன ஜாப் ஒர்க் யூனிட்கள், வீட்டோடு ஒட்டிய பவர்லூம் கொட்டகைகளுக்கு இது பொருந்தாது.

காட்டுல பங்கு

கொங்கு நாட்டில் சொத்து என்றால் காடு, தோட்டம். 1989 தமிழ்நாடு திருத்தச் சட்டம் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பிறப்புரிமை தந்தது, ஆனால் அதற்கு முன்பே கல்யாணமானவர்களை விட்டுவிட்டது. 2005 மத்தியச் சட்டத்தில் அந்தப் பாகுபாடு போனது. சட்டத்தில் உரிமை இருக்கிறது. நடப்பில், “சீர் செஞ்சு அனுப்பியாச்சே அம்மணி” என்ற பேச்சோடு அண்ணன் தம்பிக்கு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து போட்டுத் தருவது இன்றும் சார்பதிவாளர் அலுவலகங்களில் நடக்கிறது.

2025 ஏப்ரல் 1 முதல், ரூ.10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. புதிதாக வாங்கும் சென்ட் நிலத்துக்கு இது உதவும். அப்பா வழி வந்த தோட்டத்தில் மகள் கேட்க வேண்டிய பங்குக்கும் இந்தச் சலுகைக்கும் சம்பந்தமில்லை.