வடிகுழாயின் வரலாறு

பெங்களூர் விவேக் நகரில் வியாழக்கிழமைதோறும் குழந்தை இயேசு ஆலயத்தை நோக்கி மக்கள் திரள்வதை நேயர்கள் பலரும் அறிவர். அக்கூட்டத்தினுள் செல்ல இயலாமல், ஆலயத்தை அடுத்த தெருவொன்றில் சன்னலோரம் அமர்ந்திருக்கும் ஒருவரை நாம் எண்ணிப் பார்ப்போம். அவர் தம் உடற்பருமனை இரைப்பை அறுவை சிகிச்சையால் குறைத்துக்கொண்டவர். எடை குறைந்தபின் தளர்ந்து தொங்கிய வயிற்றுத் தோலையும் அண்மையில் அகற்றிக்கொண்டவர். அவர் இடுப்பிலிருந்து இரண்டு மெல்லிய குழாய்கள் வெளிவருகின்றன. ஒவ்வொன்றின் முனையிலும் கைக்குள் அடங்கும் குமிழ் ஒன்று. அதில் இளஞ்சிவப்பு நீர். வலியைவிட, இதனை யாரேனும் கண்டுவிடுவரோ என்னும் கூச்சமே அவரைப் பெரிதும் வருத்துகிறது.

அவர் கூச வேண்டியதில்லை. அவர் இடுப்பில் இருப்பது மருத்துவக் கலையின் மிகப் பழைய கருவிகளுள் ஒன்றாகும்.

மகோதரம் என்று நம் முன்னோர் வழங்கிய நோயில், வயிற்றினுள் தேங்கும் நீரை வெளியேற்றும் முறையைச் சுசுருத சங்கிதை விரிவாகக் கூறுகிறது. கொப்பூழுக்குக் கீழே இடப்புறத்தில் துளையிட்டு, ஈயம் போன்ற உலோகத்தாலோ பறவையின் இறகுத் தண்டாலோ ஆன, இருபுறமும் திறந்த குழாயைப் பொருத்த வேண்டும் என்பது அதன் விதி. நீர் முழுவதையும் ஒரே நாளில் வடிக்கலாகாது. வடித்தால் தாகமும் காய்ச்சலும் தோன்றும். ஆகவே நாட்கள் இடைவிட்டுச் சிறிது சிறிதாக வடிக்க வேண்டும் என்றும் அந்நூல் எச்சரிக்கிறது. நீர் வடிந்தபின் கம்பளி, பட்டு, தோல் ஆகியவற்றுள் ஒன்றால் வயிற்றை இறுகக் கட்டச் சொல்கிறது. இன்று விவேக் நகர் நண்பர் அணிந்திருக்கும் வயிற்றுப் பட்டையும் அத்தகைய கட்டுதான். கிரேக்க நாட்டில் இப்போகிரட்டீசு பெயரால் வழங்கும் நூல்களும், மார்பில் சேர்ந்த சீழை உலோகக் குழாய் வழியே வடித்ததைக் குறிப்பிடுகின்றன.

உலோகம் விறைப்பானது, புண்ணை உறுத்துவது. 19-ஆம் நூற்றாண்டில் ரப்பரைப் பதப்படுத்தக் கற்ற பின்னரே வளையும் குழாய் கிட்டியது. பாரிசு நகரத்து மருத்துவர் சசஞாக் 1859-இல், துளைகள் இட்ட ரப்பர்க் குழாய்களால் சீழ் வடிப்பதைப் பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். 1871-இல் விக்டோரியா அரசியாரின் அக்குளில் தோன்றிய கட்டியைக் கீறிய லிஸ்டர், துணித் திரியால் சீழ் வடியாமை கண்டு, தம் மருந்து தெளிக்கும் கருவியின் ரப்பர்க் குழாயில் ஒரு துண்டை வெட்டிக் கிருமிநாசினியில் ஊறவைத்துப் பொருத்தினார். கட்டி ஆறியது. அரண்மனையில் இருந்தவருக்கும் அதே குழாய்தான்!

உடற்பருமனுக்கான அறுவை சிகிச்சை மிகப் பிற்பட்டது. குடலைச் சுருக்கி இணைக்கும் முறை 1954-இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்டது. இரைப்பையைப் பிரித்து மாற்றுவழி அமைக்கும் முறையை மேசன் என்பார் 1966-இல் தொடங்கினார். இரைப்பைச் சிகிச்சைக்குப் பின் எல்லோருக்கும் குழாய் வைக்கும் வழக்கத்தை இன்று பலர் விட்டுவிட்டனர். தோலை அகற்றும் சிகிச்சையில் நிலைமை வேறு. அங்கே தோலுக்கும் தசைக்கும் இடையே அகன்ற வெற்றிடம் உண்டாகிறது; அதில் ஊறும் நீர் தேங்கினால் புண் கூடாது. எனவே பலருக்குக் குழாய் தேவைப்படுகிறது. அமெரிக்க மருத்துவர்களான ஜாக்சனும் பிராட்டும் 1970-களின் தொடக்கத்தில், மண்டையோட்டினுள் தேங்கும் குருதியை வடிப்பதற்கென அமைத்த சிலிக்கோன் உறிஞ்சுகுழாயே இன்று வயிற்றுக்கும் பயன்படுகிறது. குமிழை அழுத்திக் காற்றை வெளியேற்றி மூடியை இட்டால், அது விரிய முயலும் விசையால் நீரைத் தன்பால் இழுக்கிறது.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. நீர் வெளியேறும் வழியே கிருமி உட்புகும் வழியுமாகும். முன்னதாக எடுத்தால் நீர் தேங்கும். பிந்தினால் தொற்று அணுகும். எடுக்கும் நாளை மருத்துவர் எவ்வாறு அறிவார்? வீட்டில் எழுதப்படும் கணக்கினால்தான். கையைச் சோப்பால் கழுவி, குமிழின் நீரை அளவுக் கிண்ணத்தில் ஊற்றி, அளவையும் நிறத்தையும் நாள்தோறும் குறித்துவர வேண்டும். சிவப்பு வெளுத்து வைக்கோல் நிறமாதல் நன்று. 24 மணி நேரத்தில் 30 மில்லிலிட்டருக்கும் குறைவாக வடியும்போது குழாயை எடுப்பது பலருடைய வழக்கம். காய்ச்சல், துர்நாற்றம், திடீரெனப் பெருகும் குருதி, வடிதல் சட்டென நின்று வயிறு வீங்குதல் ஆகியவற்றுள் எது தோன்றினும் தாமதியாது மருத்துவரை அணுக வேண்டும். குழாயைத் தொங்கவிடாமல் ஊக்கினால் ஆடையோடு பிணைத்துக் கொள்வதும் நலம்.

இக்கணக்கை எழுதுவது யார்? ஊரில் இருந்தால் தாயோ தமக்கையோ எழுதுவர். 1809-இல் பெங்களூர்த் தண்டு அமைந்த காலந்தொட்டு இங்கு வந்து குடியேறிய தமிழர், உற்றாரைத் தொலைவில் விட்டு வாழப் பழகியவர்கள். மருத்துவத்துக்கு அங்கங்கள் நான்கு என்றார் வள்ளுவர்: நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுவோர். முதல் மூன்றும் இந்நகரில் எளிதில் கிட்டும். நான்காவதை நாமே ஆக்கிக்கொள்ள வேண்டும்.

நம் அண்டை வீட்டில் ஒருவர் இடுப்பில் குழாயோடு திரும்பியிருப்பாராயின், 'இது என்ன?' என வியந்து நோக்காமல், 'இன்று எவ்வளவு வடிந்தது?' என்று கேட்போமாக. அக்கேள்வியில் பாதிக் கூச்சம் அகன்றுவிடும். எஞ்சிய பாதி, குழாய் எடுக்கப்படும் நாளில் தானே அகலும்.