மருந்தளவு யார் கையில்? தென்னக வேட்டைத் துப்பாக்கியும் தோட்டாவும்

நெய்வேலி நகரியத்தில் ‘மருந்து’ என்றால் ஒன்று மருத்துவமனையில் வாங்குவது, மற்றது சுரங்கத்தில் வைப்பது. பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் கடினமான கடலூர் மணற்கல்லை வெடி வைத்துத் தளர்த்தினால்தான் சக்கர வெட்டு எந்திரத்தின் பற்கள் உள்ளே இறங்கும். மூன்றாவதாக ஒரு மருந்தை நகரியத்துக்கு வெளியே முந்திரித் தோப்போரம் பார்த்தேன். நரிக்குறவர் பெரியவர் ஒருவர் தம் நாட்டுத் துப்பாக்கியைக் கெட்டித்துக் காட்டினார். கருமருந்தை உள்ளங்கைக் குழியில் கொட்டினார். ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கொஞ்சத்தைத் திரும்பப் பைக்குள் தட்டினார். மீதியைக் குழலுக்குள் விட்டு, தேங்காய் நாரைத் திணித்து, கம்பியால் நாலு இடி இடித்தார். பிறகு ரவை, மறுபடி நார். எப்படி அளக்கிறீர்கள் என்று கேட்டேன். “கைதான் சாமி தராசு” என்றார்.

பெருவிலங்கு வேட்டைக்கு வந்த வெள்ளைக்காரத் துரைகளும் ஒரு காலத்தில் இதே வேலையைத்தான் செய்தார்கள். எந்தக் குண்டு, எவ்வளவு மருந்து என்ற முடிவு சுடுபவன் கையிலிருந்து ஆலைக்கும், ஆலையிலிருந்து சட்டப் புத்தகத்துக்கும் இடம்மாறிய கதையே இக்கட்டுரை. வேட்டை இலக்கியம் விலங்கைப் பற்றியே பேசுகிறது. இந்தியாவில் துப்பாக்கியின் விட்டத்தைத் தீர்மானித்ததில் விலங்கைவிட அரசின் அச்சத்துக்குப் பங்கு அதிகம் என்பது என் கருத்து.

1840களின் பிற்பகுதியில் இலங்கையின் நுவரெலியாவில் குடியேறிய ஆங்கிலேய வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கரிடமிருந்து தொடங்கலாம். பிரிஸ்டல் நகரத்து கிப்ஸ் 1840இல் அவருக்குச் செய்து கொடுத்த ரைபிளின் எடை 21 பவுண்டு, ஏறத்தாழ ஒன்பதரை கிலோ. உருண்டைக் குண்டு 3 அவுன்ஸ், அதாவது 85 கிராம். அதைத் தள்ள 16 டிராம், அதாவது ஒரு முழு அவுன்ஸ் கருமருந்து. யானை சாய்ந்ததோ இல்லையோ, சுட்டவர் தோள் என்ன பாடு பட்டிருக்கும்! ஆனால் பேக்கர் வெறும் முரடரல்ல. புலி போன்ற மென்தோல் விலங்குக்குக் கலப்பில்லாத ஈயம்தான் வேண்டும், அது உடலுக்குள் விரிந்து அங்கேயே தங்கும் என்பது அவர் வாதம். யானையின் மண்டை எலும்பைத் துளைக்க வேண்டுமென்றால் ஈயத்தைக் கடினமாக்க வேண்டும். விரியும் குண்டா, துளைக்கும் குண்டா என்ற கேள்வி அன்றே முழுமையாக இருந்தது. பின்னால் மாறியது உலோகம்தான்.

நூற்றாண்டின் கடைசியில் புகையில்லா மருந்து வந்தது. நீலகிரியில் குன்னூரை அடுத்த அருவங்காட்டில் 1903இல் கார்டைட் தொழிற்சாலை நிறுவப்பட்டது. நைட்ரோகிளிசரினும் நைட்ரோசெல்லுலோஸும் கலந்து நூல்நூலாக இழுக்கப்பட்ட இந்த மருந்து, கருமருந்தைவிட அதிக வேகம் தந்தது, குண்டு சிறுத்தது. ஆனால் கார்டைட்டுக்கு வெயில் ஆகாது. சித்திரை மாதத்து உச்சிப்பொழுதில் காய்ந்த தோட்டாவில் அழுத்தம் எகிறும். சுட்ட பின் வெற்று உறை குழலுக்குள் ஒட்டிக்கொண்டு வெளியே வராது. காயம்பட்ட காட்டெருமை திரும்பிப் பாய்கிறபோது உறையை நோண்டிக்கொண்டிருக்க முடியுமா? அதனால்தான் ஆங்கிலேயக் கம்பெனிகள் நீளமான, பருத்த உறையில் அழுத்தத்தைக் குறைத்து வைத்தன. வெப்ப நாடுகளுக்கென மருந்தைக் குறைத்தும் அடைத்தன. இந்தக் கணக்கு உள்ளங்கைக்கு அடங்காது. மேலும் அந்த உறைகளில், மருந்தைப் பற்றவைக்கும் ‘கேப்’ அடிபட்டு நசுங்கும் பட்டடைமுனை உறையோடு சேர்ந்தே இருக்கும், நெருப்புத் துளை இரண்டு. வெடித்த கேப்பை நெம்பி எடுத்து வீட்டில் மறுபடி அடைப்பது பெரும்பாடு. சுடுபவன் மருந்தளக்கும் வழக்கம் இப்படித்தான் தேய்ந்தது.

குண்டின் உருவத்தையும் இந்திய மண் பாதித்தது. 1895 சித்ரால் படையெடுப்பில், முழுக் கவசமிட்ட .303 அங்குல ராணுவக் குண்டு எதிரியை ஊடுருவிப் போனதே தவிர நிறுத்தவில்லை என்று படை முறையிட்டது. கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச்சாலையில் கேப்டன் பெர்ட்டி-கிளே மூக்கு திறந்த குண்டைச் செய்தார். 1899 ஹேக் பிரகடனம் போரில் அதைத் தடுத்தது. மனிதனுக்கு ஆகாது என்று ஒதுக்கிய குண்டு, மென்மூக்குத் தோட்டா என்ற பெயரில் புலிக்கும் மானுக்கும் உரியதாயிற்று.

அடுத்தது அரசின் அச்சம். 1907 வாக்கில் .450 விட்ட வேட்டை ரைபிள்கள் இந்தியாவுக்குள் வரத் தடை விழுந்தது. பழைய மார்ட்டினி-ஹென்றி ராணுவத் துப்பாக்கிகளுக்கு அந்தக் குண்டுகள் பொருந்திவிடும் என்ற கவலையே காரணம். கம்பெனிகள் அடியோடு புதிய விட்டங்களை உருவாக்கின: .465, .470. நடுத்தர விட்டத்தில் 1912இல் ஹாலண்ட் அண்ட் ஹாலண்டின் .375 வந்தது. ஜவளகிரிக் காட்டு ஆட்கொல்லிப் புலியைப் பற்றி எழுதிய கென்னத் ஆண்டர்சன் தூக்கித் திரிந்தது 1904இல் அமெரிக்காவில் அறிமுகமான வின்செஸ்டர் .405. அதன் குண்டு 300 கிரெய்ன், சுமார் 19 கிராம்தான். பேக்கரின் குண்டில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. வேகமோ நொடிக்கு ஏறத்தாழ 2,200 அடி.

உள்ளூர் உரிமதாரருக்குக் கிடைத்தது வேறு. .303 ராணுவத்துக்குரியது என்பதால், ஆஸ்திரிய மான்லிக்கர் தோட்டாவைத் தழுவிய .315 ரைபிள் குடிமக்களுக்கு வந்தது. அதை இன்றும் இசாப்பூர் தொழிற்சாலையின் பெயரோடுதான் அறிகிறோம். காட்டுக்கு எது பொருத்தம் என்று யாரும் கேட்டுத் தேர்ந்ததல்ல அது. 1959 ஆயுதச் சட்டம் உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதைத் தடுத்தது. வேட்டையை முடித்துவைத்தது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். சென்னை மாகாணம் 1873இலேயே காட்டு யானைக்கும், 1879இல் நீலகிரி வேட்டை விலங்குகளுக்கும் தனிச் சட்டம் இயற்றியிருந்ததையும் சொல்ல வேண்டும்.

தோப்போரப் பெரியவர் கேப்பை மாட்டவில்லை. குழலைக் கவிழ்த்து நாரை உருவி, ரவையையும் மருந்தையும் தனித்தனியாகத் துணியில் தட்டி, ரவையை எண்ணிப் பார்த்து முடிந்துகொண்டார். சுரங்கத்துப் பக்கமிருந்து வெடிச்சத்தம் கேட்டது. முந்திரி மரத்துக் காக்கைகள் அதற்கே பறந்துவிட்டன.