மரக்காணத்து வீடும் ஆலம்பரைக் கோட்டையும்

சென்ற புரட்டாசியில் ஒருநாள் மரக்காணத்துக்குப் போயிருந்தேன். ஆராய்ச்சி நோக்கம் எதுவும் இல்லை. என்னோடு கல்லூரியில் வரலாறு கற்பிக்கும் நண்பர், தம் தாய்வழிப் பாட்டனாரின் வீட்டைப் பார்த்துவிட்டு வருவோம் என்று அழைத்தார். அதை என்ன செய்வதென்று அவரும் உடன்பிறந்தார் மூவரும் ஒரு மாதத்துக்குள் முடிவு செய்தாக வேண்டும். பழைய மரச்சாமான் வணிகர் ஒருவர் விலை பேசிச் சென்றிருக்கிறார். அவர் கேட்பது வீட்டையன்று. தூண்களையும் கதவுகளையும் உத்தரங்களையும். எஞ்சுவதை இடித்து மனையாக விற்றுக்கொள்ளலாம் என்று யோசனையும் சொல்லியிருக்கிறார்.

உப்பளங்களை ஒட்டியே நடந்தோம். பருவமழைக்கு முந்திய நாட்கள். குவித்த உப்பைப் பனையோலையும் தார்ப்பாயும் கொண்டு மூடிக்கொண்டிருந்தார்கள். வீடு தெருவின் கோடியில் இருந்தது. இருபுறமும் திண்ணை, உள்ளே நடை, நடையைத் தாண்டினால் முற்றமும் அதைச் சுற்றி எட்டு மரத்தூண்களும். தாழ்வாரத்து ஓடுகளில் பாதி முற்றத்தில் கிடந்தன. இரண்டாம் கட்டின் கூரை இறங்கிவிட்டது. சுவரிடுக்கில் வேர்விட்ட அரசு, கூரை இருந்த இடத்தையும் தாண்டி வளர்ந்திருந்தது. தூண்களில் கறையான் ஏறவில்லை. கதவு ஒரு கையால் தள்ளினாலே ஓசையின்றித் திறந்தது. வணிகரின் கண் பொய்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சுவரை விரலால் தடவினேன். மாவு போல் வெண்பொடி ஒட்டியது. நாக்கில் வைத்துப் பார்த்தேன் (தமிழாசிரியனுக்குத் தெரிந்த பரிசோதனை அவ்வளவுதான்). உப்பு.

இக்கடற்கரைக்கு இலக்கியத்தில் ஓர் இடம் உண்டு. ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் பாணனை வழிப்படுத்தும் சிறுபாணாற்றுப்படையில், நல்லூர் நத்தத்தனார் காட்டும் கடற்கரை ஊர் எயிற்பட்டினம். அது மரக்காணத்தை ஒட்டிய பகுதியே என்று அறிஞர் பலர் கருதுவர். அதே பாட்டில், கொற்கையைப் பாடும் இடத்தில், உப்பு விற்கும் உமணர் வீட்டுப் பிள்ளைகளோடு ஒரு மந்தி விளையாடுகிறது; கிளிஞ்சலின் வயிற்றில் முத்தை இட்டு அதையே கிலுகிலுப்பையாக ஆட்டுகிறது. பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வரும் பகுதி இது. அந்தக் கிளிஞ்சலைச் சுட்டுத்தான் இக்கரையோர மக்கள் சுண்ணாம்பு செய்தார்கள், அச்சுண்ணாம்பில்தான் இத்தகைய சுவர்கள் எழுந்தன என்பது அன்றுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

உப்பு இங்கே வெறும் தொழிலாக இருந்ததில்லை. அரசின் வருவாயாகவும் இருந்தது. 1805இல் கும்பினி அரசு சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. வடக்கே பெத்த கஞ்சத்திலிருந்து ஏறத்தாழ 420 கிலோமீட்டர் ஓடிவரும் பக்கிங்காம் கால்வாய் வந்து முடிவது மரக்காணத்தில்தான். 1876-78 தாது வருடப் பஞ்சத்தின்போது, கூலிக்கு வேலை தேடி வந்த பட்டினிக் கூட்டத்தைக் கொண்டு அடையாற்றுக்கும் கூவத்துக்கும் இடையிலான பகுதியை வெட்டினார்கள். 1878இல் அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரைக் கால்வாய்க்கு வைத்தார்கள். வெட்டியவர்களின் பெயர் எதுவும் அதில் இல்லை. நண்பரின் பாட்டனார் இக்கால்வாய் வழியே சென்னைக்கு உப்புப் படகு விட்டவர் என்பது குடும்பத்தார் சொல்லும் செய்தி. அந்தப் படகுகள் இந்த வீடாயின.

பிற்பகல் கடப்பாக்கம் சென்றோம். மரக்காணத்துக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து பிரிந்து போனால் ஆலம்பரைக் கோட்டை. இடைக்கழிநாட்டின் உப்பங்கழியைப் பார்த்தபடி செங்கற்சுவர்கள் நிற்கின்றன. ஆர்க்காட்டு நவாப்புகளின் காலத்தில் இது துறைமுகம்; நாணயச் சாலையும் இருந்தது. 1750இல் முசாபர் சங், தமக்கு உதவிய துய்ப்ளேக்ஸுக்கு இதை அளித்தார். பத்தே ஆண்டுகளில், 1760இல், ஆங்கிலேயர் கைப்பற்றித் தகர்த்தார்கள். அதற்குப் பின் யாரும் அதில் குடியேறவில்லை, யாரும் பூசவில்லை, யாரும் வெள்ளையடிக்கவில்லை. வெடிமருந்து சில நாளில் செய்ததன் மிச்சத்தை உப்புக்காற்று இரண்டரை நூற்றாண்டாகச் செய்துவருகிறது. எனினும் ஒன்றைக் கவனித்தேன். சில இடங்களில் செங்கல் அரித்துக் குழியாகிவிட்டது. செங்கற்களுக்கு இடையே இருந்த சுண்ணாம்புக் காரையோ தேன்கூட்டின் சுவர்போல் துருத்திக்கொண்டு நிற்கிறது.

இதன் பொருளை மறுநாள் காலை ஒரு கொத்தனார் விளக்கினார். எழுபது வயதிருக்கும். நண்பர் வீட்டைப் பார்த்து மதிப்புச் சொல்ல வந்தவர், நேரே திண்ணைச் சுவருக்குப் போனார். இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன் யாரோ இடுப்பளவுக்குச் சிமிட்டி பூசி அதைக் ‘காப்பாற்றி’ இருக்கிறார்கள். கொத்தனார் கரண்டிப் பிடியால் தட்டினார். பானையைத் தட்டினாற்போல் ஒலித்தது. நுனியை நுழைத்து நெம்பியதும் முறம் அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. பின்னால் செங்கல் இல்லை. சிவப்புப் புழுதிதான் இருந்தது.

“செவுரு குடிச்ச உப்ப வெளிய துப்பணும் சார். சிமிட்டியப் பூசிட்டா எங்க போயித் துப்பும்?” என்றார்.

அறிவியலும் இதையேதான் சொல்கிறது. நிலத்தின் ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு சுவருக்குள் ஏறுகிறது. மேற்பரப்பில் நீர் ஆவியாக, உப்பு படிகமாகிறது. படிகம் வளரும்போது தான் இருக்கும் நுண்துளையின் சுவரை உடைக்கிறது. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். உடைவது பூச்சாக இருக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைச் சுரண்டிப் புதிதாகப் பூசினால் செங்கல் பிழைத்துக்கொள்ளும். சிமிட்டியோ ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடுவதால் படிகம் செங்கல்லுக்குள் வளர்கிறது. பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்த நம் முன்னோர் அதை மங்கலத்துக்காக மட்டும் செய்திருக்க மாட்டார்கள் என்று எண்ணுகிறேன்.

செப்பனிட முடியுமா என்பதற்குச் சான்று தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. புதுச்சேரியில் வைசியாள் தெரு என்னும் கால்வே சுப்பராயச் செட்டித் தெருவில், திண்ணையும் தெருத் தாழ்வாரமும் கொண்ட தமிழ் வீடுகளின் முகப்புகளை 2002க்கும் 2004க்கும் இடையே ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்ட உதவியுடன் இன்டாக் அமைப்பினர் சீர்செய்தார்கள். 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது அப்பணிக்குக் கிடைத்தது. அவ்வூரிலேயே எதிர்ச்சான்றும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய மேரி கட்டடம், 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே மீண்டும் கட்டி 2021இல் திறந்தார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது புதுக் கட்டடம்.

இவற்றைவிட என்னைக் கவர்வது ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை. கீழே தமிழ் வீட்டின் மரத்தூண்கள், மேலே பிரெஞ்சு பாணித் தூண்கள். பிள்ளை 1761 ஜனவரியில், புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்வதற்குச் சில நாட்களுக்கு முன் இறந்தார். வென்றவர்கள் ஊரையே தரைமட்டமாக்கினார்கள். அந்த வீடு தப்பியது. ஆலம்பரையையும் புதுச்சேரியையும் தகர்த்தவர்கள் ஒருவரே. கோட்டையில் மீண்டும் விளக்கேற்ற ஆளில்லை; வீட்டில் இருந்தார்கள். தரங்கம்பாடியில் தேனிய ஆளுநரின் மாளிகை, 1845இல் ஆங்கிலேயர் கைக்குப் போன பிறகு, ஒரு காலத்தில் உப்புக் கிடங்காகவே கிடந்தது. உப்பை வெளியேயிருந்தல்ல, உள்ளேயிருந்தே தின்ற சுவர்கள் அவை. அதுவும் டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தின் முயற்சியால் மீண்டெழுந்தது. அப்படியிருக்க, மரக்காணத்து வீடு மீளாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆயினும் இங்கே ஒரு கூச்சத்தையும் பதிவு செய்ய வேண்டும். பழைய வீடுகளின் மீது இலக்கியம் படித்தவர்களுக்கு உண்டாகும் காதல் மலிவானது. ஒழுகும் கூரைக்கடியில் படுக்கப்போவது நாமல்ல. செலவழிக்கப்போவதும் நாமல்ல. மேலும், உப்புநீரில் நின்று கால் வெடித்தவர்களின் குடிசைகளில் ஒன்றுகூட, செப்பனிடலாமா என்று கேட்பதற்காக நிற்கவில்லை. நின்றதெல்லாம் படகு விட்டவரின் வீடுதான். இதைச் சொன்னபோது நண்பர் சினக்கவில்லை. “தாத்தா கணக்கு நோட்டு ஒன்று இருந்தது. அதில் உப்பு மூட்டைக்குத்தான் எண் இருக்கும், ஆட்களுக்கு இருக்காது” என்றார். அந்த நோட்டையும் கறையான் தின்றுவிட்டதாம்.

கொத்தனார் வேலைகளை வரிசைப்படுத்தினார். முதலில் முற்றத்துச் சாக்கடையைத் திறந்து மழைநீருக்கு வழி விடவேண்டும். அரசமரத்தை வெட்டினால் மட்டும் போதாது, வேரைக் கொல்ல வேண்டும். சிமிட்டியை முழுவதும் கொத்தி எடுத்துவிட்டுச் சுவரை ஒரு கோடை முழுக்கச் சும்மா விடவேண்டும். காரைக்குக் கடல் மணலைத் தொடவே கூடாது. இரண்டாம் கட்டை மறந்துவிடலாம். அதன் செங்கல் முதல் கட்டைச் சரிசெய்யப் போதும். தூண்களை விற்பதானால் தன்னை அழைக்க வேண்டாம் என்றும் சொன்னார். தூணை உருவிய பின் பூசுவதற்கு என்ன இருக்கிறது?

நண்பர் அன்றிரவே தம் அக்காளுடன் நெடுநேரம் தொலைபேசியில் பேசினார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. விடியற்காலையில் உப்பளக்காரர் ஒருவரிடம் இரண்டு பெரிய தார்ப்பாய்களை இரவல் வாங்கிவந்து, கொத்தனாரின் பேரனோடு சேர்ந்து தாழ்வாரத்தின் மேல் கட்டினோம். உப்பை மூடும் தார்ப்பாய்கள் அவை. கட்டி முடித்ததும் கொத்தனார், நல்ல கிளிஞ்சல் சுண்ணாம்பு வேண்டுமானால் இப்போதே சொல்லி வைக்க வேண்டும், குழியில் ஊறப்போட்டால்தான் கோடைக்குப் பதமாக இருக்கும் என்றார். எத்தனை மூட்டை என்று நண்பர் கேட்டார்.