குருதி கூறும் சான்று

முழங்கால் நோவென்று வைத்தியரை நாடுவோர் பலர். ஆயின் நோவு என்பது நோயன்று. நோயின் குரல் மாத்திரமே. பல நோய்கள் ஒரே குரலில் முறையிடும்போது அவற்றைப் பிரித்தறிவது எங்ஙனம்? குருதியையே சாட்சியாக அழைத்து இவ்வினாவுக்கு விடைகாண முயன்ற வரலாறு 175 ஆண்டுகளுக்கு மேற்பட்டது.

அவ்வரலாற்றைத் தொடக்கிவைத்தவர் அல்பிரெட் பேரிங் கரொட் என்னும் ஆங்கில மருத்துவர். இலண்டனிலே பணியாற்றிய இவர், கவுட் என்னும் மூட்டுநோய் உடையோரின் குருதியில் யூரிக் அமிலம் மிகுந்திருத்தலை 1848 ஆம் ஆண்டில் அறிவித்தார். 1854 இல் அதனைக் கண்டறிய எளியதொரு வழியையும் கூறினார். குருதியினின்று பிரித்த தெளிநீரைக் கண்ணாடித் தட்டில் வார்த்து, சிறிது அசற்றிக் அமிலம் சேர்த்து, ஒரு நூலிழையை அதில் இட்டுவைப்பார். ஓரிரு நாளில் இழையின்மீது பளிங்குகள் படியுமாயின் யூரிக் அமிலம் மிகுந்துள்ளது என்பது பெறப்படும். மூட்டுநோயொன்றைக் குருதி காட்டிக்கொடுத்த முதற் சோதனைகளுள் இது ஒன்று.

முடக்குவாதத்தைக் கவுட்டினின்று பிரித்துக்காட்டிய கரொட், முதுமையிலே குருத்தெலும்பு தேய்வதால் வரும் நோயை முடக்குவாதத்தினின்று பிரித்தாரல்லர். அப்பணியை 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் மைந்தர் ஆர்ச்சிபால்ட் கரொட் நிறைவேற்றினார். பின்னர் 1940 இல் நோர்வே நாட்டு எரிக் வாலர், முடக்குவாத நோயாளர் பலரின் குருதித் தெளிநீர், தக்கவாறு பக்குவப்படுத்திய செம்மறியாட்டின் செங்குருதிக் கலங்களைத் திரளச்செய்வதை வெளியிட்டார். 1948 இல் அமெரிக்கரான ஹரி ரோசும் அவர்தம் குழுவினரும் இதே உண்மையைக் கண்டனர்.

இவ்வாறு இரு நோய்கள் குருதியிலே தடயம் விட்டன. முழங்கால் மூட்டுத்தேய்வு மாத்திரம் வாய்திறக்கவில்லை. காரணம் யாது? குருத்தெலும்பிலே குருதிக்குழாய்கள் இல்லை. அது சிதையும்போது எழும் துணுக்குகள் முதலில் மூட்டுநீரிற் கலந்து, பின்னரே குருதியை அடைகின்றன. அடைந்த பின்னரும், அவை முழங்காலினின்று வந்தனவா, இடுப்பினின்று வந்தனவா, கைவிரலினின்று வந்தனவா என்று சொல்வதில்லை.

ஆகவே நோயின் படிநிலையை எக்ஸ் கதிர்ப் படத்தாலேயே அளக்க நேர்ந்தது. 1957 இல் இங்கிலாந்தைச் சேர்ந்த கெல்கிரன், லோரன்ஸ் என்னும் இருவரும் 0 முதல் 4 வரையான படிநிலைகளை வகுத்தனர். அவ்வளவுகோல் இன்றும் வழக்கில் உள்ளது. ஆயினும் அப்படத்திலே குருத்தெலும்பு தோன்றாது. எலும்புகளின் இடைவெளி குறுகியதைக் கொண்டே தேய்வை ஊகித்தல் வேண்டும். படம் உண்மையைக் கூறும் வேளையில் இழப்பு நிகழ்ந்து முடிந்திருக்கும்.

இக்குறையை நீக்கவே ஆய்வாளர் மீண்டும் குருதியை நாடினர். சுவீடன் நாட்டு லுண்ட் நகர் அறிஞர்கள் குருத்தெலும்பிலுள்ள ‘கொம்ப்’ என்னும் புரதத்தை 1992 இல் விவரித்தனர். தேய்வு உடையோர் குருதியில் அது சராசரியாக மிகுந்து காணப்பட்டது. ஆயின் நலமுடையோர் சிலரிடமும் அது மிகும். சிறிது நேரம் நடந்தாலும் உயரும். ஒரு சாட்சியின் வாக்கு போதாதெனக் கண்டு, பல புரதங்களை ஒருங்கே விசாரிக்கத் தொடங்கினர்.

2024 இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்து வெர்ஜினியா கிரவுஸ் குழுவினர், இங்கிலாந்துப் பெண்கள் 200 பேரின் குருதியை ஆராய்ந்தனர். அவர்களுட் பாதிப்பேர் முழங்கால் தேய்வுக்கு உள்ளானோர். எக்ஸ் கதிர்ப் படம் நோயைக் காட்டுவதற்கு எட்டு ஆண்டுகள் முன்னரே, சில புரதங்கள் ஒருங்கே அதனை உணர்த்தக்கூடும் என்பது அவர்தம் முடிவு.

எனினும் 200 பேரிடம் பெற்ற சான்று உலகோர் அனைவர்க்கும் தீர்ப்பாகாது. இன்று முழங்கால் நோவுக்குக் குருதி எடுப்பது, பெரும்பாலும் கவுட், முடக்குவாதம் போன்ற பிற நோய்கள் இல்லையென உறுதிசெய்யவே. தேய்ந்த குருத்தெலும்பை மீளத்தரும் மருந்தும் கிட்டவில்லை. ஆதலால், உடல் எடையைக் குறைக்கவும் தசையை வலுப்படுத்தவும் எட்டு ஆண்டு அவகாசம் கிடைக்குமாயின் அதுவே பெரும்பேறு. அன்று கரொட்டின் நூலிழை ஓரிரு நாளிற் சொன்னதுபோன்ற தெளிவான விடைக்கு முழங்கால் இன்னும் காத்திருக்கின்றது.