உயிர்ப் பரிணாமக் கொள்கையும் தமிழ்ச் சொற்களும்

1. முன்னுரை

உயிரினங்கள் தோன்றி வேறுபட்டுப் பல்கிய முறையை விளக்கிச் சார்லசு டார்வின் எழுதிய நூல் 1859ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 24ஆம் நாள் இலண்டனில் வெளிவந்தது. அதற்கு முந்திய ஆண்டிலேயே டார்வின், வாலசு ஆகிய இருவர் கட்டுரைகளும் ஒருங்கே ஓர் அறிவியற் கழகத்தில் படிக்கப்பெற்றன. அக்கொள்கை இன்று உயிரியலுக்கு அடித்தளமாய் நிற்கின்றது. எனினும், கற்றார் நடுவிலும் மூன்று கூற்றுகள் வழங்கக் காண்கிறோம். குரங்கு மனிதனாயிற்று என்பதே டார்வின் கொள்கை என்பது ஒன்று. அஃது எவரும் கண்டறியாத ஊகம் என்பது மற்றொன்று. அதனைத் தொல்காப்பியரும் மாணிக்கவாசகரும் முன்னரே கூறிவிட்டனர் என்பது பிறிதொன்று. முன்னிரண்டும் பெரும்பாலும் கொள்கையை மறுப்பார் கூற்று. மூன்றாவது அதனைப் போற்றுவார் கூற்று. மூன்றற்கும் அடியில் இருப்பது ஒரே மயக்கம் என்பதும், அம்மயக்கத்தை வளர்த்ததில் நம் கலைச்சொற்களுக்கும் பங்கு உண்டு என்பதும், அதனைக் களைதற்குரிய கருவி தமிழ்ப் புலமையிலேயே அமைந்துள்ளது என்பதும் இக்கட்டுரையின் துணிபாகும்.

2. பாடநூலும் பாடமும்

2018ஆம் ஆண்டு சனவரியில், நடுவண் அரசின் மனிதவள மேம்பாட்டுத் துறை இணையமைச்சராய் இருந்த சத்யபால் சிங், டார்வின் கொள்கை அறிவியல் நோக்கிற் பிழையுடையது எனப் பேசினார். குரங்கு மனிதனாக மாறியதைக் கண்டதாக நம் முன்னோர் எவரும் சொன்னதும் இல்லை, எழுதியதும் இல்லை என்பது அவர் காட்டிய காரணம். பள்ளிப் பாடங்களில் இது மாற்றப்படல் வேண்டும் என்றும் அவர் கூறினார். இந்திய அறிவியற் கழகங்கள் மூன்றும் ஒன்றுகூடி அக்கூற்றை மறுத்து அறிக்கை வெளியிட்டன.

பின்னர்ப் பெருந்தொற்றுக் காலத்தையொட்டி, மாணவர் சுமையைக் குறைத்தற்பொருட்டு எனக் கூறி, தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு தன் பாடங்களைச் சுருக்கியது. பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் மரபும் பரிணாமமும் பற்றி இருந்த இயல், 2023இல் வந்த பதிப்பில் மரபு ஒன்றையே கூறுவதாய் நின்றது. அவ்வாண்டு ஏப்பிரலில் அறிவியலாரும் ஆசிரியரும் பிறருமாக 1800க்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டு அந்நீக்கத்தை எதிர்த்தனர். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் நூலில் இப்பாடம் விடப்படவில்லை என்பது உண்மையே. ஆயின், உயிரியலைத் தெரிந்தெடுக்காத மாணவன் அதனைக் கற்கும் வாய்ப்பே பெறான்.

தமிழ்நாட்டு நிலை வேறு. மாநிலப் பாடத்திட்டத்தின்படி 2019இல் வெளிவந்த பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில், ‘உயிரின் தோற்றமும் பரிணாமமும்’ எனத் தனி அலகே அமைந்தது. ஆதலின், புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி செல்லும் சாலையில் உள்ள திருவரங்குளம் போன்ற ஊர்களில், மாநிலப் பாடத்திட்டத்தில் பயின்ற மாணவர்க்கு அந்நீக்கத்தால் இழப்பு நேரவில்லை. இது மகிழத்தக்கதே. ஆயினும், பாடம் இருத்தல் வேறு. பொருள் விளங்குதல் வேறு. லமார்க்கு கூறியனவற்றையும் டார்வின் கூறியனவற்றையும் அடுத்தடுத்து மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிய மாணவன், பள்ளியை விட்டு நீங்கியபின் குரங்கு மனிதனாயிற்று என்ற ஒரு தொடரையே நினைவிற் கொள்கின்றான். இதன் காரணத்தை அவன் அறிவியல் நூலில் மட்டும் தேடின் காணல் அரிது. சொல்லினுள்ளே தேடல் வேண்டும்.

3. பெயரிற் பிறந்த மயக்கம்

டார்வின் தம் நூலின் முதற்பதிப்பில் தம் கொள்கைக்குப் பெரிதும் ஆண்ட தொடர், ‘மாற்றத்தோடு கூடிய வழிவரவு’ என்னும் பொருள்பட்டது. இன்று உலகெங்கும் வழங்கும் ஆங்கிலப் பெயர்ச்சொல் அப்பதிப்பில் இல்லை. அதன் வினைவடிவம் ஒன்றே நூலின் இறுதிச் சொல்லாய் நின்றது. அப்பெயர்ச்சொல் 1872இல் வந்த ஆறாம் பதிப்பிலேயே இடம்பெற்றது. சுருட்டி வைத்ததை விரித்தல் என்பது அச்சொல்லின் பழம்பொருள். முன்னரே உள்ளடங்கியிருந்தது வெளிப்படுகின்றது என்னும் கருத்து ஆங்கிலத்திலேயே இவ்வாறு புகுந்தது.

தமிழில் நிலைபெற்ற ‘பரிணாமம்’ என்னும் சொல் சாங்கியர் வழக்கு. காரணம் காரியமாய்த் திரிதலை அவர் அச்சொல்லாற் குறித்தனர். பால் தயிராதல் அதற்குக் காட்டப்படும் எடுத்துக்காட்டு. இவ்வெடுத்துக்காட்டைச் சற்று ஊன்றி நோக்குக. பால் தயிரானபின் அங்குப் பால் இல்லை. இவ்வுருவத்தை மனத்திற்கொண்டு பரிணாமம் என்ற சொல்லைக் கேட்பவன், குரங்கு மனிதனாயிற்றெனின் இன்றும் குரங்குகள் உள்ளமை எவ்வாறு என வினவுவான். அவ்வினா அவன் கேட்ட சொல்லுக்கு ஏற்ற வினாவே. ஆயின், டார்வின் கூறியது ஒரு பொருள் மற்றொரு பொருளாய் மாறுதல் அன்று. ஒரு முன்னோரின் வழிவந்தார் பல கிளையாய்ப் பிரிந்து, கிளைதோறும் வேறுபடுதல். மனிதனுக்கும் மனிதக் குரங்குகளுக்கும் உள்ள உறவு தந்தை மகன் உறவன்று, பங்காளி உறவு. மனிதனும் சிம்பன்சியும் பிரிந்த கிளைக்கவடு ஏறத்தாழ 60 முதல் 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டது என்பர்.

பிற சொற்கள் வேறொரு மயக்கத்தைத் தந்தன. ‘பரிணாம வளர்ச்சி’ என்றவிடத்து வளர்ச்சி வந்து சேர்ந்தது. ‘படிவளர்ச்சி’ என்றவிடத்து ஏணியும் வந்தது. தமிழறிஞர் சிலர் ‘உள்ளது சிறத்தல்’ என்றும் ‘கூர்தல்’ என்றும் வழங்கினர். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் ‘கூர்ப்பு’ என்பதைக் கொண்டன. இவை தொல்காப்பிய உரியியலிற் கூர்ப்பு என்னும் சொற்குக் கூறப்பட்ட பொருளை அடியொற்றியவை. சொல்லழகும் தமிழ்மையும் உடையவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஆண்டு உரைக்கப்பட்டது ஒரு பண்பு மிகுதலேயன்றி உயிரினங்களின் வழிவரவு அன்று. மேலும், சிறத்தல் என்பது கொள்கைக்கு முரணாகின்றது. இருட்குகையில் வாழும் மீன்களிற் பல கண்ணை இழந்தன. குடலில் வாழும் நாடாப்புழு தனக்கெனச் செரிமான உறுப்பே இல்லாதது. இழத்தலும் பரிணாமமே. அதனைச் சிறத்தல் என்பது எவ்வாறு பொருந்தும்?

‘தக்கன பிழைத்தல்’ என்னும் தொடரும் இவ்வாறே திரிந்தது. எர்பர்ட்டு சிபென்சர் 1864இல் ஆக்கிய ஆங்கிலத் தொடரை டார்வின் 1869ஆம் ஆண்டுப் பதிப்பில் மேற்கொண்டார். தமிழ்த் தொடர் செவ்வியது. சூழலுக்குத் தக்கது என்பதே அதன் பொருள். மக்கள் வழக்கிலோ அது வலியது வாழும் என்றாகி, வல்லான் வகுத்ததே வாய்க்கால் என்னும் பழமொழியோடு ஒன்றிவிட்டது. இயற்கையில் நிகழ்வது கூறிய கொள்கை, மக்கள் செய்யத்தக்கது கூறும் அறமாகக் கொள்ளப்பட்டது. கொள்கையை வெறுத்தற்கு இதுவும் ஒரு காரணமாயிற்று.

இனி, தமிழிலக்கணம் தரும் சொல் ஒன்று உண்டு. புணர்ச்சியில் நிகழும் வேறுபாடுகளைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக வகுத்தனர் இலக்கண நூலார். மரபுப் பண்புகளைத் தாங்கும் டி.என்.ஏ. நான்கு எழுத்துகளால் இயன்ற நெடுந்தொடர் போல்வது. அது படியெடுக்கப்படும்போது ஓரெழுத்து மிகலாம், ஓரெழுத்து வேறொன்றாகலாம், ஓரெழுத்து குறையலாம். இவற்றைத் தமிழ் மாணவர்க்குத் தோன்றல், திரிதல், கெடுதல் எனக் கூறின் உடனே விளங்கும். இவற்றுள் ஏற்றமும் இல்லை, தாழ்வும் இல்லை என்பதும் உடன் விளங்கும். இலக்கண நூலார் மரபணுவை அறிந்திருந்தனர் என்பது இதன் கருத்தன்று. ஒப்புமையே ஈண்டுக் கொள்ளத்தக்கது.

4. பழைய நூல்களிற் புதிய கொள்கை காண்டல்

அறிவியற் புதுமைகளைப் பழைய நூல்களிற் காணும் வேட்கை தமிழர்க்கே உரியதன்று. பத்து அவதாரங்களை மீன், ஆமை, பன்றி, மனித அரிமா என வரிசைப்படுத்திப் பரிணாமத்தோடு ஒப்பிடும் கருத்தைப் பிளவாட்சுகி அம்மையார் 1877இல் வெளியிட்ட நூலிற் காணலாம். அவர் கண்ட பிரம்மஞான சங்கம் 1882இல் சென்னை அடையாற்றில் தலைமையிடம் கொண்டது. அயலார் ஆட்சியிற் குன்றியிருந்த மக்களுக்கு இவ்வகை ஒப்பீடுகள் பெருமிதம் தந்தன. அவ்வரலாற்றுச் சூழலை உணர்ந்து அவற்றை மதிப்பிடுதல் வேண்டும்.

தமிழில் இவ்வாறு காட்டப்படுவன இரண்டு. ஒன்று, தொல்காப்பிய மரபியல் கூறும் ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாகிய உயிர்ப்பாகுபாடு. புல்லும் மரமும் ஓரறிவின, மக்கள் ஆறறிவினர். நுண்ணிய நோக்கின் விளைவாகிய இப்பாகுபாடு போற்றத்தக்கதே. ஆயின், ஓரறிவுயிர் ஈரறிவுயிராய் வழிவந்தது என ஆண்டு யாண்டும் கூறப்படவில்லை. உயிர்களை வகைப்படுத்தல் ஒன்று. அவ்வகைகள் எவ்வாறு உண்டாயின எனக் காட்டல் மற்றொன்று.

மற்றொன்று, திருவாசகத்துச் சிவபுராணத்தில் உயிர் பல்பிறவி எடுத்து இளைத்தமை கூறும் பகுதி. மாணிக்கவாசகர் வாழ்வோடு பிணைந்த திருப்பெருந்துறையாகிய ஆவுடையார்கோயில் புதுக்கோட்டை மாவட்டத்ததே; ஆதலின் இவ்வட்டார மேடைகளில் இப்பகுதி பெரிதும் எடுத்துக்காட்டப்படுகின்றது. அவ்வரிசையில் மரத்துக்கு முன் புழு நிற்கின்றது. பாம்புக்குப் பின் கல் நிற்கின்றது. மனிதனுக்கு அப்பால் பேயும் அசுரரும் முனிவரும் தேவரும் நிற்கின்றனர். ஆண்டுப் பேசப்படுவது ஓருயிரின் பிறவிப் பயணம். அதன் பொருள் வீடுபேற்றை அவாவும் ஏக்கம். அதனை உயிரியற் பாடமாக்குவோர் உயிரியலைப் பிழைபடுத்துவதோடு, அடிகளின் அழுகையையும் கேளாது விடுகின்றனர்.

திருவரங்குளத்துக் கோயிலே இதற்கு நல்ல சான்று. அரன், குளம் என்னும் சொற்களைக் கொண்ட ஊர்ப்பெயரும், பொற்பனை பற்றிய தலபுராணக் கதையும் ஒருபுறம்; கோயிற் சுவரிலுள்ள சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகள் மற்றொருபுறம். வரலாற்று மாணவன் இரண்டையும் படிக்கின்றான். பொற்பனையைக் கொண்டு ஆட்சியாண்டு கணிப்பதும் இல்லை. கல்வெட்டில் அக்கதை இல்லையெனப் புராணத்தை இகழ்வதும் இல்லை. இத்தெளிவே திருவாசகத்துக்கும் டார்வினுக்கும் வேண்டுவது.

5. கண்டாரில்லாக் காலத்தை அறியும் நெறி

இனி, எவரும் கண்டிலர் என்னும் தடைக்கு விடை காண்போம். புதுக்கோட்டைக்கு வடமேற்கே உள்ள சித்தன்னவாசலில், கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டியதாகக் கருதப்பெறும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு உள்ளது. அதே குன்றின் குடைவரைக் கோயிலில் கி.பி. 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு உள்ளது. முன்னதன் எழுத்து பின்னதன் எழுத்தன்று. ஓரெழுத்து மற்றோரெழுத்தாய் மாறியதை நின்று கண்டவர் எவருமிலர். ஒவ்வொரு தலைமுறையும் தன் ஆசிரியர் எழுதியவாறே எழுதியதாகவே எண்ணியிருக்கும். எனினும், தொடர்பு உண்டென்பதை எவரும் ஐயுறுவதில்லை. சிவகங்கை மாவட்டத்துப் பூலாங்குறிச்சிக் கல்வெட்டு, பிராமி வட்டெழுத்தாய்த் திரியும் இடைநிலையைக் காட்டி நிற்கின்றது. 1861இல் செருமனியில் வெளிப்பட்ட ஆர்க்கியாப்டெரிக்சு என்னும் புதைபடிவம் பல்லும் நீள்வாலும் இறகும் ஒருங்குடையதாய், ஊர்வனவற்றுக்கும் பறவைக்கும் இடைப்பட்ட நிலையைக் காட்டியது இத்தகையதே.

வட்டெழுத்தும் இன்றைய தமிழெழுத்தும் பிராமி என்னும் மூலத்தின் இரு கிளைகள். ஒன்று மற்றொன்றன் தாய் அன்று. வட்டெழுத்துப் பாண்டிநாட்டில் வழக்கொழிந்தது அது தாழ்ந்தது என்பதனால் அன்று. சோழர் ஆட்சி பரவியதனால் சூழல் மாறியமையே காரணம். தக்கன பிழைத்தல் என்பதன் பொருளை விளக்க இதனினும் அணிய சான்று வேண்டா.

ஏட்டுச்சுவடிகள் தரும் சான்று இதனினும் வலியது. பதிப்பாசிரியர் பல சுவடிகளை ஒப்பிடுங்கால், இரண்டு ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை காணப்படின், அவை ஒரே மூலத்தின் வழிவந்தவை எனத் துணிவர். சரியான பாடம் பல ஏடுகளில் ஒத்திருத்தல் இயல்பு. பிழை ஒத்திருத்தலே உறவைக் காட்டும். ஆடும் மாடும் உயிர்ச்சத்து சி-யைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்வன. மனிதனுக்கும் குரங்குகளுக்கும் அவ்வாற்றல் இல்லை. அதனை ஆக்கும் மரபணு இவ்வுயிர்களில் முற்றும் மறையவில்லை. சிதைந்த நிலையில், ஒத்த சிதைவுகளோடு, இன்றும் உள்ளது. ஒரே பிழை பல ஏடுகளில் இருப்பதைக் கண்ட தமிழ்ப் புலவர்க்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இவ்வொப்புமைக்கு எல்லையும் உண்டு. எழுத்தை மாற்றுவது மனிதன் கை. அதற்கு நோக்கம் இருத்தல் கூடும். உயிரினத் திரிபுகளுக்கு நோக்கம் இல்லை. இவ்வேறுபாட்டையும் மாணவர்க்கு உடன் கூறல் வேண்டும்.

6. ‘பழகுதல்’ என்னும் பிழை

இம்மயக்கம் ஏட்டளவில் நிற்பதாயின் கவலையில்லை. 1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிய பின்னர், டி.டி.டி. மருந்துக்கு மடியாத கொசுக்கள் பெருகின. மருந்துக்குக் கொசு பழகிவிட்டது என்று நாம் கூறுகின்றோம். எந்தக் கொசுவும் பழகவில்லை. மருந்தைத் தாங்கும் திரிபு முன்னரே உடைய சில பிழைத்தன, ஏனைய மடிந்தன, பிழைத்தவற்றின் வழியே பெருகிற்று. காசநோய் மருந்தை நலம் தெரிந்தவுடன் இடையில் நிறுத்துவோர் உடலில் நிகழ்வதும் இதுவே. எஞ்சிய கிருமிகளுள் மருந்தைத் தாங்குவன பெருகி, பின்னர் அம்மருந்து பயனற்றதாகின்றது. உடல் மருந்துக்குப் பழகிற்று எனக் கருதும் நோயாளி, மருந்தை முழுதும் உண்ணவேண்டும் என்னும் அறிவுரையின் காரணத்தை உணரான். ஒரு சொல்லின் பிழை உயிர்க்கு ஊறாய் முடிகின்றது.

7. முடிபு

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை. பரிணாமம் என்னும் சொல் வழக்கில் வேரூன்றியது. அதனை மாற்றுதல் எளிதன்று, வேண்டுவதும் அன்று. ஆயின், முதல்முறை அதனைக் கூறும் இடத்தில் ‘வழிவழித் திரிபு’ என விளக்கி, வளர்ச்சி, சிறத்தல், படி என்பவற்றை விலக்குதல் தகும். மரபியலும் சிவபுராணமும் கற்பிக்கும் தமிழாசிரியர், அவை பரிணாமக் கொள்கை அல்ல என்பதைத் தெளிவுபடக் கூறல் வேண்டும். அதனால் அந்நூல்களின் பெருமை குறையாது. கல்வெட்டையும் சுவடியையும் ஆராயும் முதுகலை மாணவர், தாம் நாளும் கையாளும் நெறியே உயிரியலாரும் கையாளும் நெறி என்பதை உணர்ந்து, அதனைப் பள்ளி மாணவர்க்கு எடுத்துரைத்தல் வேண்டும். திருவரங்குளத்து மாணவன் சித்தன்னவாசற் குன்றை ஒரு நாளிற் கண்டு திரும்பலாம். கண்டாரில்லாக் காலத்தையும் சான்றுகொண்டு அறியலாகும் என்பதை அக்குன்றில் அவன் கற்பானாயின், அறிவியல் நூலின் அவ்வலகு தேர்வுக்குப் பின்னும் அவனிடத்து நிலைபெறும்.