மின்னேற்று நிலையங்கள்: பதிவேட்டுடன் நின்றுவிடலாகாது

2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி முதலாம் திகதி மீண்டும் அனுமதிக்கப்பட்டதைத் தொடர்ந்து, எமது வீதிகளில் மின்சார வாகனங்களைக் காண்பது சாதாரணமாகிவிட்டது. 2022 ஆம் ஆண்டில் ஒரு சில லீற்றர் பெற்றோலுக்காக இரவு பகலாக வரிசையில் காத்து நின்ற மக்கள், எரிபொருள் நிரப்பு நிலையத்தையே நாட வேண்டியிராத ஒரு வாகனத்தின்பால் ஈர்க்கப்படுவதில் வியப்பேதும் இல்லை. வாகனங்கள் பெருகும்போது அவற்றின் மின்கலங்களுக்கு மின்னேற்றும் நிலையங்களும் பெருகும். பேரங்காடிகளின் வாகனத் தரிப்பிடங்களிலும், ஹோட்டல்களின் முற்றங்களிலும், நெடுஞ்சாலையோர உணவகங்களிலும் அவை இடம்பிடித்து வருகின்றன.

எனினும், அவற்றின் முன் வாகனத்தை நிறுத்தும் ஒருவரது மனதில் சில வினாக்கள் எழுவது இயல்பு. இந்தக் கருவியைப் பொருத்தியவர் தகுதி பெற்றவர்தானா? இது பரிசோதிக்கப்பட்டதா? கட்டணம் அறவிடப்படும் அளவு சரியானதா? விபத்து நேரிட்டால் பொறுப்பேற்பவர் யார்? பொது மின்னேற்று நிலையங்களை அரசு பதிவு செய்து ஒழுங்குறுத்த வேண்டும் என்பதன் நியாயம் இந்த வினாக்களிலேயே அடங்கியிருக்கிறது.

மின்னேற்றி என்பது சுவரில் உள்ள சாதாரண மின்செருகியைப் போன்றதொன்றல்ல. எமது வீடுகளுக்குப் பொதுவாக வழங்கப்படுவது 230 வோல்ட், 30 அம்பியர் ஒற்றைக் கலை இணைப்பாகும். அதனூடாக ஒரே நேரத்தில் பெறக்கூடிய உச்ச வலு ஏறத்தாழ 6.9 கிலோவோட் மாத்திரமே. வீட்டுப் பாவனைக்கென விற்பனையாகும் 7 கிலோவோட் மின்னேற்றியொன்று அந்த முழு அளவையும் தானே விழுங்கிவிடும். பொது இடங்களில் அமைக்கப்படும் 50 கிலோவோட் விரைவு மின்னேற்றியொன்றோ, இத்தகைய ஏழு வீடுகளின் உச்சப் பாவனைக்குச் சமமானது. 100 அல்லது 160 கிலோவோல்ட் அம்பியர் கொள்ளளவுடைய மின்மாற்றி ஒன்றை நம்பியிருக்கும் கிராமத்தில் அப்படியான ஒன்று முன்னறிவித்தலின்றி இணைக்கப்பட்டால், அயல் வீடுகளில் மின்குமிழ்கள் மங்குவதும் நீரிறைக்கும் இயந்திரங்கள் பழுதடைவதும் தவிர்க்க முடியாதவை.

பாதுகாப்பு இதனிலும் பாரதூரமான விடயம். மின் கேத்தல் சில நிமிடங்களே இயங்குகிறது. மின்னேற்றியோ பல மணித்தியாலங்கள் தொடர்ச்சியாக உயர் மின்னோட்டத்தைக் கடத்துகிறது. தளர்ந்த ஒரு திருகாணி, தடிப்புக் குறைந்த ஒரு வடம், பொருத்தமற்ற ஒரு செருகி ஆகிய ஒவ்வொன்றும் அந்நேரத்தில் தீக்குக் காரணமாகலாம். வீடுகளில் 'ட்ரிப் சுவிட்ச்' என நாம் அழைக்கும் பாதுகாப்புச் சாதனத்தின் சாதாரண வகை, மின்சார வாகனத்திலிருந்து கசியக்கூடிய நேரோட்டத்தின் முன்னிலையில் செயலிழந்துபோகக் கூடும். ஆதலால் 6 மில்லி அம்பியரை விஞ்சும் நேரோட்டக் கசிவை உணர்ந்து துண்டிக்கும் ஏற்பாடு மின்னேற்றிகளுக்குத் தனியாகத் தேவைப்படுகிறது. சீரான புவித்தொடுப்பும் இன்றியமையாதது. மன்னார் முதல் பொத்துவில் வரையிலான கரையோரங்களில் உப்புக் காற்று உலோகத்தை அரிக்கும் வேகத்தை அறிந்தவர்களுக்கு, ஒருமுறை பரிசோதித்துவிட்டுக் கைவிடுவது போதாது என்பதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது அளவும் விலையும். எரிபொருள் பம்பியில் ஒரு லீற்றர் என்றால் அது ஒரு லீற்றராகவே இருக்க வேண்டும். 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் சட்டத்தின் நோக்கமும் வணிகத்தில் பயன்படும் அளவைகள் நேர்மையாக இருப்பதை உறுதி செய்வதேயாகும். மின்னேற்றியில் விற்கப்படுவது கண்ணுக்குப் புலப்படாத பொருள். அலகின் அடிப்படையில் கட்டணம் அறவிட்டால் பாவனையாளர் தாம் பெற்றதற்கு மாத்திரம் செலுத்துவார். நிமிடத்தின் அடிப்படையில் அறவிட்டாலோ நிலைமை மாறிவிடுகிறது. 30 கிலோவோட் வேகத்தில் மட்டுமே மின்னை ஏற்கக்கூடிய பழைய வாகனத்தின் உரிமையாளர், 90 கிலோவோட் வேகத்தில் ஏற்கும் புதிய வாகனத்தின் உரிமையாளரைப் போன்று மும்மடங்கு பணத்தை அதே அளவு மின்சாரத்துக்குச் செலுத்த நேரிடும். வசதி குறைந்தவரே கூடுதலாகச் செலுத்தும் இந்த அநீதி, விலையை அலகின்படி வெளிப்படையாகக் காட்சிப்படுத்த வேண்டும் என்ற ஒரேயொரு விதியினால் பெருமளவு நீங்கும்.

இணைப்பிகள் தொடர்பான குழப்பத்தையும் இங்கு குறிப்பிட வேண்டும். 2010களின் நடுப்பகுதியில் எமது நாட்டுக்குப் பெருமளவில் வந்து சேர்ந்த ஜப்பானிய நிசான் லீஃப் வாகனங்கள் விரைவு மின்னேற்றத்துக்கு 'சாடெமோ' எனும் இணைப்பியைப் பயன்படுத்துகின்றன. ஐரோப்பிய நியமத்துக்கமைந்த புதிய வாகனங்கள் 'சி.சி.எஸ். 2' இணைப்பியையும், சீனாவின் உள்நாட்டுச் சந்தைக்கென உற்பத்தியானவை 'ஜி.பி.டி.' இணைப்பியையும் கொண்டுள்ளன. எந்த நிலையத்தில் எந்த இணைப்பி உள்ளது, அது இன்று இயங்குகிறதா என்பதை முன்கூட்டியே அறிய முடியாத சாரதி நடுவழியில் தவிக்க நேரிடும். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. 24 கிலோவோட் மணி மின்கலத்தைக் கொண்ட லீஃப் வாகனம் ஒரு முறை மின்னேற்றினால் 117 முதல் 135 கிலோமீற்றர் வரை செல்லும் என்பதே அது புதிதாக இருந்த காலத்தில் அமெரிக்க அரச நிறுவனம் வழங்கிய மதிப்பீடாகும். வழியில் குறைந்தது இரண்டு மூன்று இடங்களிலாவது நம்பகமான நிலையம் இல்லையெனில் அந்தப் பயணம் சாத்தியமற்றது.

இவற்றை ஒழுங்குறுத்தும் பொறுப்பு யாருடையது? 2002 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தினால் உருவாக்கப்பட்ட இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மின்சாரத் துறையின் ஒழுங்குறுத்துநராக விளங்குகிறது. 2009 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்க மின்சாரச் சட்டத்தின் கீழ், உரிமமோ விலக்களிப்போ இன்றி எவரும் மின்சாரத்தை வழங்க முடியாது என்ற நிலை இருந்து வந்தது. அச்சட்டத்துக்குப் பதிலாக 2024 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவரப்பட்டது. ஒரு கடை உரிமையாளர் தமது முற்றத்தில் பிறரது வாகனத்துக்கு மின்னேற்றிப் பணம் பெறுவது மின்சார விற்பனையா, அன்றி ஒரு சேவையா? இதே வினா இந்தியாவிலும் எழுந்தது. மின்னேற்றல் என்பது ஒரு சேவையே, அதற்கு மின்சார உரிமம் தேவையில்லை என்று இந்திய மின்சக்தி அமைச்சு 2018 ஏப்ரலில் தெளிவுபடுத்தியது. எமது நாட்டிலும் சிறு முதலீட்டாளருக்கு இவ்விடயத்தில் ஐயத்துக்கு இடமின்றி எளிய மொழியில் விளக்கம் கிடைக்க வேண்டும்.

சிங்கப்பூரின் அனுபவம் இங்கு கூர்ந்து நோக்கத்தக்கது. அந்நாட்டின் 2022 ஆம் ஆண்டு மின்சார வாகன மின்னேற்றல் சட்டம் 2023 டிசெம்பர் 8 ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி, தரைப் போக்குவரத்து அதிகாரசபையினால் அங்கீகரிக்கப்பட்ட வகை மின்னேற்றிகளை மாத்திரமே விற்கவும் பொருத்தவும் முடியும். நிலையாகப் பொருத்தப்படும் ஒவ்வொரு மின்னேற்றியும் பாவனைக்கு முன்னர் பதிவு செய்யப்பட வேண்டும். மின்னேற்றல் சேவையை வழங்கும் நிறுவனங்கள் தனியாக உரிமம் பெற வேண்டும். ஏற்கெனவே பொருத்தப்பட்டிருந்தவற்றைப் பதிவு செய்ய ஆறு மாத அவகாசமும் அளிக்கப்பட்டது. 2030 ஆம் ஆண்டளவில் 60,000 மின்னேற்றுப் புள்ளிகளை அமைக்க இலக்கு வகுத்த நாடு, எண்ணிக்கை பெருகும் முன்னரே ஒழுங்கை நிலைநாட்டியமையே இதிலிருந்து நாம் பெறும் பாடமாகும்.

பிரித்தானியாவின் நோக்கு சற்று வேறுபட்டது. அங்கு 2023 ஆம் ஆண்டின் பொது மின்னேற்றுப் புள்ளி ஒழுங்குவிதிகள் பாவனையாளரை மையமாகக் கொண்டவை. விலை ஒரு அலகுக்கு எத்தனை பென்ஸ் என்று தெளிவாகக் காட்டப்பட வேண்டும். விரைவு மின்னேற்றி வலையமைப்புகள் ஆண்டுச் சராசரியில் 99 சதவீத நேரம் இயங்கும் நிலையில் இருக்க வேண்டும். 24 மணித்தியாலமும் இலவசமாக அழைக்கக்கூடிய உதவித் தொலைபேசி இருக்க வேண்டும். நிலையத்தின் இருப்பிடம், அதன் அப்போதைய நிலை ஆகிய தரவுகள் எவரும் பயன்படுத்தக்கூடியவாறு திறந்திருக்க வேண்டும். விதியை மீறுவோருக்கு ஒரு மின்னேற்றுப் புள்ளிக்கு 10,000 பவுண் வரை தண்டம் விதிக்கலாம். இந்தியாவோ 2018 டிசெம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்களில், நகரங்களில் 3 கிலோமீற்றர் நீள அகலமுள்ள ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு நிலையம், நெடுஞ்சாலைகளின் இரு மருங்கிலும் 25 கிலோமீற்றருக்கு ஒரு நிலையம் எனப் பரவலுக்கு முதன்மை அளித்தது. பாதுகாப்பு, பாவனையாளர் உரிமை, சமமான பரவல் ஆகிய இம்மூன்றும் ஒன்றிணைந்த ஒழுங்குவிதியே எமக்குத் தேவை.

மின்கட்டமைப்பின் நலனும் இத்துடன் பின்னிப் பிணைந்தது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டபோது, பாவனை குறைந்தும் சூரிய மின்னுற்பத்தி மிகுந்தும் இருந்தமை கட்டமைப்பின் உறுதியைப் பலவீனப்படுத்தியதாகக் கூறப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறைக் காலத்தில், பகல் வேளைகளில் கூரைச் சூரிய மின்தொகுதிகளை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை உரிமையாளர்களிடம் கோரியது. பகலில் மின்சாரத்தை வீணாக்கிவிட்டு, மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையிலான உச்ச நேரத்தில் விலை உயர்ந்த எண்ணெயை எரிக்கும் நாட்டில், வாகனங்களைப் பகலில் மின்னேற்றச் செய்வது பெரும் நன்மை பயக்கும். அதற்கேற்ற கட்டணத்தை வகுப்பதற்கு எங்கெங்கே எத்தனை கிலோவோட் மின்னேற்றிகள் உள்ளன என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். அதைத் தெரிவிப்பது முறையான பதிவேடே.

வடக்கு, கிழக்கு மற்றும் மலையகப் பிரதேசங்களைப் பொறுத்தவரை எமக்கு இரண்டு கவலைகள் உள்ளன. முதலாவது, முதலீட்டைச் சந்தையின் போக்குக்கு மாத்திரம் விட்டுவிட்டால் மின்னேற்று நிலையங்கள் கொழும்பையும் அதிவேக நெடுஞ்சாலைகளையும் சுற்றியே குவியும் என்பதாகும். வவுனியா, கிளிநொச்சி, மூதூர், காத்தான்குடி, அக்கரைப்பற்று, ஹட்டன் போன்ற நகரங்களின் உள்ளூராட்சி மன்றங்கள் தமது பொதுத் தரிப்பிடங்களில் இதற்கென இடம் ஒதுக்க முன்வர வேண்டும். இரண்டாவது மொழி சார்ந்தது. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியானது. ஆயினும் அறிவித்தல் பலகைகளிலும் படிவங்களிலும் தமிழ் விடுபடுவதும், பிழைபட்ட தமிழ் இடம்பெறுவதும் எமக்குப் புதிதல்ல. பெயர்ப்பலகையில் பிழை நேர்ந்தால் மனவேதனையுடன் போய்விடும். அவசர நிறுத்தப் பொத்தானின் கீழுள்ள அறிவுறுத்தலைப் படிக்க முடியாது போனால் உயிரே போய்விடலாம். விலை, எச்சரிக்கை, முறைப்பாட்டு இலக்கம் ஆகியன மும்மொழிகளிலும் இருத்தல் பதிவுக்கான நிபந்தனையாகவே விதிக்கப்பட வேண்டும்.

ஒழுங்குவிதிகள் வளர்ந்து வரும் துறையை நெரித்துவிடும் என்று அஞ்சுவோரும் உள்ளனர். அந்த அச்சத்தை நாம் புறந்தள்ளவில்லை. ஒரு கையொப்பத்துக்காகப் பல திணைக்களங்களின் படியேறி இறங்கிய அனுபவம் எமது வர்த்தகர்களுக்கு நிறையவே உண்டு. தேநீர்க் கடைக்கு அருகில் ஒரு சிறிய மின்னேற்றியை வைக்க விரும்பும் ஒருவரிடமும், நாடளாவிய வலையமைப்பை நடத்தும் நிறுவனத்திடமும் ஒரே அளவான ஆவணங்களைக் கோருவது நீதியாகாது. குறைந்த வலுவுள்ள மின்னேற்றிகளுக்கு எளிய பதிவும், விரைவு மின்னேற்றிகளுக்கு முழுமையான பரிசோதனையும் என வேறுபடுத்துவதே பொருத்தமானது. விண்ணப்பங்களுக்கு விடையளிக்கக் காலவரையறை விதிக்கப்பட வேண்டும். பரிசோதகர்கள் மாவட்டந்தோறும் இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தவரும் அம்பாறையைச் சேர்ந்தவரும் ஒவ்வொரு சான்றிதழுக்காகவும் கொழும்புக்குப் பயணிக்கும் நிலை தொடரலாகாது.

பதிவிலக்கமும் இறுதியாகப் பரிசோதிக்கப்பட்ட திகதியும் ஒவ்வொரு மின்னேற்றியின் முகப்பிலும் ஒட்டப்பட வேண்டும். அதே விபரங்கள், இணைப்பியின் வகையுடனும் அலகு விலையுடனும், பொதுமக்கள் கைத்தொலைபேசியில் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். பாவனையாளர்களும் ஒட்டுப்பலகை இல்லாத மின்னேற்றியில் தமது வாகனத்தை இணைக்காதிருக்கப் பழக வேண்டும். அலுவலக அலுமாரியில் உறங்கும் பதிவேட்டினால் எவருக்கும் பயனில்லை. இரவு வேளையில் ஏ-9 வீதியில் குடும்பத்துடன் பயணிக்கும் ஒருவருக்கு, அடுத்த நிலையம் எங்குள்ளது, அது இயங்குகிறதா, அது பாதுகாப்பானதா என்ற மூன்று வினாக்களுக்கும் அவரது மொழியிலேயே விடை கிடைக்கும் நாளில்தான் ஒழுங்குறுத்தல் தனது கடமையை நிறைவேற்றியதாக நாம் ஏற்றுக்கொள்ள முடியும்.