ரேந்தை பின்னி வாங்கிய விடுதலை



பட்டம் வாங்கியாச்சு, அடுத்து என்ன? நம்ம புதுக்கோட்டை மாவட்டத்தில் இந்தக் கேள்வி கேட்காத வீடு கிடையாது. பெரிய ஆலைகள் அதிகம் இல்லாத மாவட்டம். எனவே, "சின்னதா ஒரு தொழில் வைக்கலாமே" என்ற யோசனை பலருக்கும் வரும். கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்ளும்: "வியாபாரமும் விசுவாசமும் ஒத்துப்போகுமா?" மற்ற மதத்து நண்பர்களும் இதே கேள்வியை வேறு வார்த்தைகளில் கேட்டுக்கொள்வதுண்டு. லாபமும் தர்மமும் ஒரே வீட்டில் குடியிருக்குமா என்பதுதானே விஷயம்!

வேதாகமத்திலேயே இதற்கு ஒரு முன்னோடி உண்டு. பவுல் அப்போஸ்தலர் கொரிந்து பட்டணத்தில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லா தம்பதியரோடு தங்கிக் கூடாரம் செய்யும் தொழில் பார்த்தவர். ஆனால் அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் தமிழ் மண்ணிலேயே, இருநூறு ஆண்டுகளுக்கு முன் நாகர்கோவிலில் தொடங்கிய ஒரு சிறு தொழிலின் கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

நாகர்கோவில் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அந்தக் கதைக்கும் நமக்குப் பக்கத்து ஊரான தஞ்சாவூருக்கும் ஒரு தொடர்பு உண்டு. மயிலாடியைச் சேர்ந்த வேதமாணிக்கம், கிறிஸ்தவத்தை அறிந்து ஞானஸ்நானம் பெற்றது தஞ்சாவூரில்தான். அவருடைய அழைப்பின் பயனாக லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே 1806-இல் திருவிதாங்கூர் வந்தார். பிறகு சார்லஸ் மீட் வந்து நாகர்கோவிலை மிஷனுக்குத் தலைமையிடம் ஆக்கினார். 1819-இல் சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் வந்து சேர்ந்தார்கள்.

வந்த அம்மையார்கள் பெண் குழந்தைகளுக்கு விடுதியோடு கூடிய பள்ளி நடத்தினார்கள். பெண்ணுக்கு எழுத்தறிவா என்று ஊரே சிரித்த காலம் அது. அடிமை முறை சட்டப்படி இருந்த காலமும்கூட. நிலத்தோடு சேர்த்து ஆளையும் விற்பார்கள், அடமானம் வைப்பார்கள். பள்ளிக்கு வந்த பிள்ளைகளில் அப்படிப்பட்ட அடிமைக் குடும்பத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களுக்குச் சோறு யார் போடுவது? படித்தபின் எங்கே போவார்கள்? மறுபடியும் அதே எஜமானிடமா?

இதற்கு மார்த்தா மால்ட் கண்ட வழிதான் ரேந்தை. லேஸ் என்று இன்று சொல்கிறோமே, அதற்குத் தென்பகுதியில் பழைய பெயர் ரேந்தை. போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல். நாகர்கோவிலில் ரேந்தைத் தொழில் 1821-இல் தொடங்கியதாக மிஷன் வரலாறு கூறுகிறது.

தொழில் நுணுக்கத்தைக் கொஞ்சம் பார்ப்போம். திண்டு போன்ற ஒரு தலையணை. அதன்மேல் துளையிட்ட சித்திர மாதிரி. துளைகளில் குண்டூசிகள். சிறு மரக்கட்டைகளில் சுற்றிய நூலை ஜோடி ஜோடியாக மாற்றியும் முறுக்கியும் ஊசிகளைச் சுற்றிப் பின்னிக்கொண்டே போக வேண்டும். ஓரங்குலம் வளர்வதற்குள் கண் பூத்துவிடும்.

இன்று சுயதொழில் பயிற்சியில் சொல்லிக்கொடுக்கும் பாடங்கள் எல்லாம் இதில் அடங்கியிருக்கின்றன, பாருங்கள். முதலீடு சொற்பம். வீட்டுத் திண்ணையிலேயே செய்யலாம். எடை குறைவு, விலை அதிகம். எனவே தூரத்துச் சந்தைக்கும் அனுப்பலாம். இந்தியாவிலிருந்த ஐரோப்பியரும் இங்கிலாந்தில் இருந்தோரும் வாங்கினார்கள். வந்த வருமானம் பள்ளிகளைத் தாங்கியது. பெண்களுக்குக் கூலியாகவும் போனது. அந்தக் கூலியைச் சேர்த்துவைத்து, அடிமைகளாயிருந்த பெண்கள் சிலர் தங்கள் விடுதலையையே விலை கொடுத்து வாங்கினார்கள் என்று மிஷன் நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழிக்கும் அரசாணை 1855-இல்தான் வந்தது. அரசாணைக்கு முன்னாலேயே நூலும் ஊசியும் சிலருக்கு வழி திறந்துவிட்டன!

இன்னொரு கசப்பான செய்தியும் உண்டு. அதே காலத்தில் அங்கே நாடார் முதலிய சமூகப் பெண்கள் மேலாடை அணிவதற்குத் தடை இருந்தது. 1822 தொடங்கிப் பல தடவை கலவரம் நடந்தது. 1829 அரசாணை குப்பாயம் போட்டுக்கொள்ளலாம், உயர்சாதியார் மாதிரி மேல்முண்டு போடக்கூடாது என்றது. 1859-இல்தான் மேலாடைக்கு அனுமதி கிடைத்தது, அதுவும் நிபந்தனையோடு. துரைசானிகளின் சட்டைக் கழுத்துக்கு அழகழகாக ரேந்தை பின்னிய அந்தப் பகுதிப் பெண்களுக்கு, தங்கள் தோளில் ஒரு துண்டு போட்டுக்கொள்ள உரிமை இல்லை. அந்த நிலைமையில், சொந்தக் கையில் சம்பாதித்த காசு என்பது வெறும் காசு மட்டுமா?

தொழில் அங்கேயே நின்றுவிடவில்லை. மால்ட் தம்பதியரின் மகள் எலைசா, நாகர்கோவிலில் பிறந்து தமிழைத் தாய்மொழி போலப் பேசியவர். 1844-இல் அவர் திருமணம் செய்துகொண்டது, பிற்காலத்தில் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய ராபர்ட் கால்டுவெல்லை. புகுந்த ஊரான இடையன்குடியிலும் எலைசா பெண்கள் பள்ளி வைத்தார். தாயிடம் கற்ற ரேந்தைத் தொழிலையும் கொண்டுபோனார். கால்டுவெல்லை நாம் எல்லோரும் அறிவோம். அந்தத் தேரிக்காட்டில் பெண்களுக்கு வருமானம் காட்டிய எலைசாவை எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, இது முழுக்க வெற்றிக்கதைதானா என்றால், இல்லைங்க. வரலாறு எழுதுகிறவன் இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும். சித்திர மாதிரியைக் கொடுத்தது அம்மையார். பின்னியதை வாங்கி விற்றது அம்மையார். விலை பேசியதும், கணக்கு எழுதியதும் மிஷன் பங்களாவில். பெண்கள் கூலி பெற்றார்கள்; கூட்டாளி ஆகவில்லை. சந்தையோ கடல் கடந்து இருந்தது. அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது தெரியுமா? ஜான் ஹீத்கோட் என்பவர் 1809 வாக்கிலேயே ரேந்தை வலை பின்னும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். ஹானிட்டன் முதலிய ஆங்கிலேய ஊர்களின் கை ரேந்தைக்காரர்களையே இயந்திரம் நெருக்கிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட தொழிலைத்தான் நம் பெண்கள் கற்றார்கள். கணக்குப் புத்தகமும் சந்தையும் தன் கையில் இல்லாதவருக்கு, நாகரிகம் மாறினால் மறுநாள் பிழைப்பு என்ன?

இந்தக் கேள்வியை வாழ்நாள் முழுதும் கேட்டவர் இன்னொரு கிறிஸ்தவத் தமிழர், 1892-இல் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா. லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, பம்பாயில் தணிக்கை நிறுவனம் நடத்தியவர். 1929-இல் காந்தியடிகளைச் சந்தித்தபின் கோட்டு சூட்டைக் கழற்றிவைத்துவிட்டு, 1934-இல் அமைந்த அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்துக்குப் பொறுப்பேற்றார். இயேசுவின் போதனை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டுமல்ல, சந்தைக்கும் உரியது என்பது அவர் நிலை. உற்பத்தி செய்கிறவனிடமிருந்து பலனைப் பிரித்து வேறிடத்துக்குக் கொண்டுபோகும் பொருளாதாரத்தை அவர் ஏற்கவில்லை. தணிக்கையாளர் அல்லவா, பணம் எங்கே போகிறது என்று பார்க்கும் கண் அவருக்கு இருந்தது!

நம்ம மாவட்டமும் இதே பாடத்தைப் படித்திருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இங்கே வீறுகொண்டு நடந்தபோது, பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்ற செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. அதே சமயத்தில்தான் ஒப்பந்தக்காரரிடம் கூலிக்குக் கல் உடைத்த பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து கல்குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்தார்கள். அது மதத்தின் பேரில் நடந்த காரியம் அல்ல. ஆனால் நாகர்கோவில் கதையில் விடுபட்ட படி இங்கே மிதிக்கப்பட்டது: உழைத்தவளே கணக்கும் பார்த்தாள். எதிர்ப்பு கடுமையாக இருந்தது. இருக்கத்தானே செய்யும்? கூலி கேட்டால் முணுமுணுப்பார்கள். கணக்குப் புத்தகத்தைக் கேட்டால் சும்மா விடுவார்களா?

ஆகவே, தொழில் தொடங்க நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. கல்லாப்பெட்டிக்கு மேலே வசனம் மாட்டுவதாலோ, கடைக்குப் புனிதர் பெயர் வைப்பதாலோ அது விசுவாசத்தில் நடக்கும் தொழில் ஆகிவிடாது. மார்த்தா மால்ட் செய்த மாதிரி, ஊரில் யார் மிகவும் நெருக்கப்பட்டிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். அவர்கள் கைக்கு ஏற்ற வேலை எது என்று யோசியுங்கள். அவர் செய்யாமல் விட்டதையும் செய்யுங்கள். உங்களிடம் வேலை செய்கிறவர் என்றாவது ஒருநாள் கணக்கைப் புரட்டிப் பார்த்தால், அதில் தன் பங்கையும் காண வேண்டும். அப்படி ஒரு கடை புதுக்கோட்டைக் கடைவீதியில் திறந்தால், அந்தக் கடையின் கதையும் ஒருநாள் இம்மாதிரி மலரில் இடம்பெறத் தகும்.

தொழில் தொடங்குவோர் அனைவருக்கும் நல்வாழ்த்துகள்!